குளுக்கோஸைக் கட்டிப்போடும் இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருடங்கள் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் தொழில்நுட்பவியலாளராக இருந்துவிட்டு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியிருக்கிறேன். ஆய்வுக்கு வருபவர்களின் இரத்தத்தில் குளுக்கோஸ் அளவை மணிக்கணக்காக ஒரே இடத்தில் பிடித்துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அங்கே என் வேலை. ஊருக்கு வந்தபிறகு இரண்டு பக்கத்திலிருந்து கேள்விகள் வருகின்றன. ஒரு பக்கம் மருத்துவபீட மாணவர்கள், பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துவிட்ட 'கிளாம்ப்' (குளுக்கோஸை இப்படிப் பிடித்துவைத்துச் செய்யும் சோதனை) என்ற சொல்லோடு வருவார்கள். மறுபக்கம் கனடாவிலோ ஜேர்மனியிலோ பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர். "மகன் ஏதோ சீனி ஆராய்ச்சிக்குப் போறானாம், பயமில்லையோ?" என்று கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. உங்கள் மருந்தைப் பற்றிக் கேட்பதென்றால் கிளினிக்கில் கேளுங்கள்.

இந்த இயந்திரம் உண்மையில் என்ன செய்கிறது?

கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றிலிருந்து மோட்டர் தண்ணீரைத் தொட்டிக்குள் விடுகிறது. தொட்டியிலிருந்து வாய்க்கால் வழியாகத் தோட்டத்துக்குப் போகிறது. தோட்டம் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று தெரியவேண்டும், ஆனால் ஒவ்வொரு கன்றடியிலும் போய் அளக்க முடியாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. தொட்டியின் நீர்மட்டம் ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் மோட்டரைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருங்கள். மட்டம் அசையாமல் நின்றால், உள்ளே விட்ட தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் ஒன்று. மோட்டர் கணக்கைப் பார்த்தால் தோட்டத்தின் கணக்கு கிடைத்துவிடும்.

உடம்பில் தொட்டி என்பது இரத்தம், தோட்டம் என்பது பெரும்பாலும் தசை. நாளம் வழியாக இன்சுலினை ஒரே வேகத்தில் ஏற்றி வாய்க்கால் வாயை அகலத் திறந்துவிடுகிறோம். குளுக்கோஸ் இறங்கத் தொடங்கும். இறங்கவிடாமல் இன்னொரு குழாய் வழியாகக் குளுக்கோஸ் கரைசலை விடுகிறோம். டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமில் (அதாவது லீற்றருக்கு 5 மில்லிமோல்) அது அசையாமல் நிற்கும்போது நிமிடத்துக்கு எவ்வளவு விட்டோம் என்பதுதான் விடை. அளப்பது, கணக்குப் போடுவது, விடுவது மூன்றையும் மனிதக் கை இல்லாமல் செய்வது இயந்திரம்.

புதிதாக வருகிற எல்லோரும் திரையில் ஓடும் குளுக்கோஸ் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது 90 இலேயே நிற்கும். நிற்கவேண்டும் என்றுதானே நிறுத்தியிருக்கிறோம். பார்க்கவேண்டியது பம்பின் எண்ணை.

சும்மா சீனியை அளந்தால் போதாதா?

போதாது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பேருக்கு 90 வருகிறது என்று வையுங்கள். ஒருவருடைய சதையி (இன்சுலினைச் சுரக்கும் உறுப்பு) கொஞ்ச இன்சுலினோடு அந்த 90 ஐக் காப்பாற்றுகிறது. மற்றவருடைய சதையி மூன்று மடங்கு உழைத்து அதே 90 ஐக் காப்பாற்றுகிறது. சீனிச் சோதனையில் இருவரும் ஒன்று. பத்து வருடம் கழித்துத்தான் வித்தியாசம் தெரியவரும்.

நீரிழிவுக்காரரில் இன்சுலினுக்குப் படிகிறவர், படியாதவர் என்று இரண்டு வகை உண்டு என்பதை 1936 இலேயே ஹிம்ஸ்வேர்த் என்ற ஆங்கிலேய வைத்தியர் எழுதிவிட்டார். அந்தப் படியாமையை ஓர் எண்ணாகச் சொல்லும் முறை வர அதற்குப் பிறகு முப்பது வருடம் எடுத்தது.

யார் இதைக் கண்டுபிடித்தார்கள்?

முறை வேறு, இயந்திரம் வேறு. முறை அமெரிக்காவின் பால்ரிமோரில் ரூபன் அன்ட்ரேஸ் குழுவிலிருந்து 1966 இல் வந்தது. அதை எல்லோரும் செய்யக்கூடிய விதமாக ரல்ஃப் டிஃப்ரோன்சோ, ஜோர்டன் டொபின், அன்ட்ரேஸ் மூவரும் 1979 இல் எழுதிவைத்தார்கள். இன்றைக்கும் எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் அந்த 1979 ஐச் சுட்டாமல் இருக்காது.

இயந்திரத்தின் கதை பக்கத்துத் தண்டவாளத்தில் ஓடியது. 1964 இல் ஆர்னோல்ட் காடிஷ் என்பவர் இரத்தத்தைத் தொடர்ந்து அளந்து தேவைக்கேற்ப ஊசிமருந்தை ஓடவிடும் கருவி ஒன்றைக் காட்டினார். 1974 இல் ரொறன்ரோவில் அல்பிசர் குழுவும் ஜேர்மனியின் உல்ம் நகரில் ஃபைஃபர் குழுவும் 'செயற்கைச் சதையி' என்று சொல்லத்தக்கவற்றைச் செய்தார்கள். 1977 அளவில் மைல்ஸ் நிறுவனத்தின் பயோஸ்ரேற்றர் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அலுமாரி நிற்பதுபோல இருக்கும். நோயாளிக்காகச் செய்ததுதான், ஆனால் அலுமாரியைத் தோளில் கொழுவிக்கொண்டு யார் சந்தைக்குப் போவது? கடைசியில் அது ஆய்வுகூடத்தில்தான் அதிகம் உழைத்தது. பயோஸ்ரேற்றர் உற்பத்தி நின்றபிறகு ஜப்பானின் நிக்கிசோ நிறுவனத்துக் கருவிகளும், ஜேர்மனியின் புரொஃபில் ஆய்வு நிறுவனம் செய்த கிளாம்ப்ஆர்ட்டும் அந்த இடத்துக்கு வந்தன.

வீட்டில் பாவிக்கும் தானியங்கி இன்சுலின் பம்ப் இதுதானா?

இல்லை. அதிகம் குழப்பம் வருவது இந்த இடத்தில்தான்.

நோயாளி இடுப்பில் கட்டும் பம்ப் தோலுக்கடியில் இருக்கும் சென்சரைப் பார்த்து இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும். குளுக்கோஸ் அதன் கையில் இல்லை. பிட்டாகவும் சோறாகவும் அது தன்பாட்டுக்கு வரும். ஆய்வு இயந்திரத்தில் இது தலைகீழ். இன்சுலினை ஓர் அளவில் ஆணி அடித்ததுபோல வைத்துவிட்டு, குளுக்கோஸைத்தான் கூட்டிக் குறைப்பார்கள்.

நோக்கமும் வேறு. பம்புக்கு 70 க்கும் 180 க்கும் இடையில் நின்றால் நல்ல நாள். கிளாம்பில் 90 என்றால் 90. ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஐந்துக்குள் நிற்கவேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் 2016 செப்ரெம்பரில் அனுமதி பெற்ற மினிமெட் 670ஜி தான் இடுப்பில் கட்டும் வகையில் முதலில் வந்த பாதித் தானியங்கி. 'பாதி' என்பது ஏனென்றால் சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு மாச்சத்து என்று ஆள்தான் சொல்லவேண்டும். பயோஸ்ரேற்றரும் இதுவும் ஒரு வம்சம்தான், ஆனால் வேலை வேறு.

ஒரு சோதனை நாள் எப்படிப் போகும்?

முதல்நாள் இரவுச் சாப்பாட்டோடு சரி. காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும். தேத்தண்ணீர் கூடாது. (நம்மவர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம். சோதனையைவிடக் காலைத் தேத்தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம்.)

ஒரு கையில் இன்சுலினும் குளுக்கோஸும் போகும் குழாய். மற்றக் கையில் இரத்தம் எடுக்கும் குழாய். இரத்தம் எடுக்கும் கையை ஏறத்தாழ 55 பாகை சூடான காற்றுப் பெட்டிக்குள் வைப்போம். ஏனென்றால் நாளத்து இரத்தம் என்பது தசை தனக்கு வேண்டியதை எடுத்துவிட்டுத் திருப்பி அனுப்பிய இரத்தம். அதில் குளுக்கோஸ் குறைவாக இருக்கும், இன்சுலின் ஓடும்போது இன்னும் குறையும். நமக்கு வேண்டியது தசைக்குள் போகுமுன் உள்ள நாடி இரத்தத்தின் அளவு. நாடியில் ஊசி போடுவது வலியும் வில்லங்கமும். கையைச் சூடாக்கினால் இரத்தம் வேகமாகச் சுற்றி, நாளத்து இரத்தமே நாடி இரத்தம்போல வரும். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் நின்றால் பெட்டி தேவையில்லையே என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல பகிடி, ஆனால் பெட்டி தேவை.

பிறகு இன்சுலின். தொடக்கத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டு, அதன்பின் உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 40 மில்லியலகு என்ற ஒரே வேகம். இதனால் இரத்தத்தில் இன்சுலின் வெறும் வயிற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு அளவுக்கு ஏறும். குளுக்கோஸை 20 வீதக் கரைசலாக விடுவோம். இரண்டு மணித்தியாலம் போகும். முதல் ஒன்றரை மணித்தியாலம் எல்லாம் ஆடி அடங்குவதற்கு. கடைசி அரை மணித்தியாலம்தான் கணக்குக்கு.

முடிந்ததும் இன்சுலினை நிறுத்துவோம், குளுக்கோஸை உடனே நிறுத்தமாட்டோம். ஏறிய இன்சுலின் இறங்க நேரம் எடுக்கும். நல்ல சாப்பாடு கொடுத்து, சீனி தானாக நிற்கிறதா என்று பார்த்தபிறகுதான் வீட்டுக்கு.

கையால் செய்ய முடியாதா? இயந்திரம் எதற்கு?

முடியும். உலகத்தில் நடந்த கிளாம்புகளில் பெரும்பாலானவை கையால் நடந்தவைதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை துளி இரத்தம் எடுத்து, கட்டிலடிக் கருவியில் அளந்து, அட்டவணையைப் பார்த்துப் பம்பைத் திருப்புவார்கள். பழகிய கை இரண்டு மணித்தியாலத்தை அழகாகக் கொண்டுபோகும்.

ஆனால் ஒரு நாள் முழுக்க வேலைசெய்யும் இன்சுலினைச் சோதிப்பதென்றால் 24 மணித்தியாலக் கிளாம்ப். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 288 தடவை. விடியற்காலை மூன்று மணிக்கு எடுக்கும் முடிவும் காலை பத்து மணிக்கு எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்குமா? ஆளுக்கு ஆள் கையும் வேறு. சிலர் 84 ஐக் கண்டால் பதறிப் பம்பைக் கூட்டுவார்கள், சிலர் அடுத்த எண் வரட்டும் என்று பார்ப்பார்கள். எந்த மருந்து போகிறது என்று தெரிந்தால் கை அறியாமலே ஒரு பக்கம் சாயும். இயந்திரத்துக்கு நித்திரையும் இல்லை, பக்கச்சார்பும் இல்லை. நிமிடத்துக்கு நிமிடம் அளக்கும், ஒரே விதியில் முடிவெடுக்கும்.

அதற்காகக் கைக்காரர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நான் பார்த்த மிக நேரான கோடு ஒரு மூத்த தாதியின் கையால் வந்தது. அவர் அட்டவணையைப் பார்க்கவே இல்லை.

இயந்திரம் எந்த விதியில் முடிவெடுக்கிறது?

மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது இலக்கிலிருந்து எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரமாக இப்படி விலகி நிற்கிறது? எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது? மூன்றுக்கும் நிறைகொடுத்துக் கூட்டி, பம்பின் வேகத்தைத் தீர்மானிக்கும். தொழிற்சாலைகளில் கொதிகலனைக் கட்டுப்படுத்துவதும் இதே கணக்குத்தான். புதிய கருவிகளில் உடம்பின் கணித மாதிரி ஒன்றை உள்ளே வைத்து, அடுத்த அரை மணித்தியாலம் எப்படிப் போகும் என்று முன்கூட்டிப் பார்க்கும் முறையும் உண்டு.

கணக்கு சுலபம். கஷ்டம் தாமதத்தில். இரத்தம் குழாயால் வந்து, கலந்து, சென்சரைத் தொட்டு எண்ணாக மாறச் சில நிமிடங்கள் பிடிக்கும். விட்ட குளுக்கோஸ் உடம்பெல்லாம் கலக்க இன்னும் கொஞ்சம். பழைய காலத்து வெளிநாட்டு அழைப்பு ஞாபகம் இருக்கிறதா? நாம் "ஹலோ" சொல்வது அங்கே பிந்திப் போகும். பதில் வரவில்லையென்று நாம் மறுபடி கத்த, அதே நேரம் அவர்கள் பதில் வந்து இடிக்கும். பிறகு இருவரும் ஒன்றாக நிறுத்துவோம், ஒன்றாகத் தொடங்குவோம். அவசரப்படும் கட்டுப்பாட்டு விதிக்கும் இதே கதிதான். 80 ஐக் கண்டு நிறைய விடும், அது போய்ச் சேருமுன் இன்னும் விடும், கடைசியில் 110. பிறகு முழுவதாக நிறுத்தும், 75. திரையில் கடலலைபோல ஆடும். அழைப்பில் நாம் என்ன செய்தோம்? சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தோம். நல்ல விதியும் அவ்வளவுதான். ஏற்கெனவே விட்டது எவ்வளவு வழியில் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு பொறுக்கும்.

சென்சர் எப்படி வேலைசெய்கிறது?

குளுக்கோஸ் ஒட்சிடேஸ் என்ற நொதியம். குளுக்கோஸை ஒட்சிசனோடு சேர்த்து ஐதரசன் பேரொட்சைட்டை உண்டாக்கும். அதை மின்வாய் மின்னோட்டமாக அளக்கும். நொதியத்தை மின்வாயோடு சேர்ப்பது 1962 இல் கிளார்க்கும் லயன்ஸும் சொன்ன யோசனை. இன்று குளுக்கோமீற்றர் பட்டி வரைக்கும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

எங்கள் வீட்டுக் குளுக்கோமீற்றரால் இதைச் செய்யலாமே?

கூடாது. வீட்டுக் கருவிகளுக்கான சர்வதேச நியமம் (ஐஎஸ்ஓ 15197, 2013) 100 க்குக் கீழே 15 மில்லிகிராம் இப்படியோ அப்படியோ விலகுவதை ஏற்கிறது. உண்மையில் 90 இருக்கும்போது 75 என்றும் காட்டலாம், 105 என்றும் காட்டலாம், இரண்டும் 'சரி'. மருந்து தீர்மானிக்க அது போதும். நூற்றுக்கு ஐந்துக்குள் பிடிக்கவேண்டிய இடத்தில் போதாது.

தோலில் ஒட்டும் சென்சர் இரத்தத்தை அளப்பதே இல்லை. கலங்களுக்கிடையிலுள்ள திரவத்தை அளக்கிறது. அது இரத்தத்துக்குச் சில நிமிடங்கள் பிந்தி ஓடும். மேலே சொன்ன தாமதத்தின்மேல் இன்னொரு தாமதம். அந்தச் சென்சர்களே சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பதற்குக் கிளாம்ப் பயன்படுகிறது என்பது வேறு கதை.

கிடைக்கும் எண்ணை எப்படி வாசிப்பது?

அந்த எண்ணுக்கு எம் என்று பெயர். உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் தேவைப்பட்டது என்பது. மேலே சொன்ன 40 மில்லியலகு வேகத்தில் 7.5 க்கு மேல் வந்தால் இன்சுலினுக்கு நன்றாகப் படியும் உடம்பு. 4 அல்லது அதற்குக் கீழே என்றால் இன்சுலின் எதிர்ப்பு. இடையில் வருபவர்கள் இடையில்.

70 கிலோ ஆள் ஒருவரை எடுங்கள். எம் 7 என்றால் நிமிடத்துக்கு 490 மில்லிகிராம். 20 வீதக் கரைசலில் மில்லிலீற்றருக்கு 200 மில்லிகிராம், ஆகவே பம்ப் மணித்தியாலத்துக்கு 147 மில்லிலீற்றரில் ஓடும். அதே நிறையுள்ள இன்னொருவருக்கு எம் 3 என்றால் 63 மில்லிலீற்றர்தான். இருவர் திரையிலும் 90. வித்தியாசம் முழுவதும் பம்பில்.

மாணவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, போத்தலில் 20 வீதம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. சில நாடுகளில் பளிங்கு நீரோடு (குளுக்கோஸ் பளிங்குக்குள்ளேயே கட்டுண்டிருக்கும் நீர்) சேர்த்து நிறுப்பார்கள். அப்படியானால் மில்லிலீற்றரில் உண்மைக் குளுக்கோஸ் 200 இல்லை, ஏறத்தாழ 182 மில்லிகிராம்தான். கணக்கு முழுவதும் நூற்றுக்கு ஒன்பது பிழைக்கும், எந்த இயந்திரமும் அதைக் கண்டுபிடிக்காது. இரண்டாவது, கடைசி நேரத்தில் மட்டம் மெதுவாக ஏறியிருந்தால் அதைக் கழிக்க மறப்பது. 20 நிமிடத்தில் 10 மில்லிகிராம் ஏறியிருந்தால், விட்டதில் ஒரு பகுதி தோட்டத்துக்குப் போகவில்லை, தொட்டியிலேயே தங்கிவிட்டது. 1979 கட்டுரையின் கணக்குப்படி அது கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.95. எம் 4 ஆக இருக்கும் ஒருவரில் அது சின்ன விடயம் இல்லை.

இன்னொன்று. தொட்டிக்குள்ளேயே ஓர் ஊற்றும் உண்டு. அதுதான் ஈரல். இன்சுலின் ஏறினால் ஈரல் குளுக்கோஸ் விடுவதை நிறுத்தவேண்டும், பெரும்பாலும் நிறுத்தும். எதிர்ப்பு உள்ளவர்களில் முழுவதாக நிறுத்தாது. அதைப் பிரித்துப் பார்க்க டியூற்றீரியம் (பாரமான ஐதரசன்) சேர்த்த குளுக்கோஸைக் கொஞ்சம் கலந்துவிட்டு, அது எவ்வளவு ஐதாகிறது என்று பார்ப்பார்கள்.

மட்டத்தை 90 இல்தான் வைக்கவேண்டுமா?

இல்லை. வெறும் வயிற்று அளவுக்கு மேலே 125 மில்லிகிராம் ஏற்றிவைத்தால், சதையி எவ்வளவு இன்சுலின் விடுகிறது என்று பார்க்கலாம். மட்டத்தை 50 பக்கம் இறக்கினால், சீனி இறங்கும்போது உடம்பு எப்படி எச்சரிக்கிறது, அதிரினலின் எப்போது ஏறுகிறது என்று பார்க்கலாம். வியர்வையும் நடுக்கமும் வராமலே மயங்கிவிடுபவர்களைப் பற்றி அறிந்ததில் பெரும் பங்கு இந்த இறக்கும் கிளாம்புக்கு.

இயந்திரம் பிழைவிடுமா?

விடும். ஒருநாள் திரையில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டே வந்தது. இயந்திரம் கடமை தவறாமல் பம்பைக் கூட்டிக்கொண்டே போனது. 90 ஐப் பிடித்தும்விட்டது. கோடு அழகாக இருந்தது. பம்பின் எண்ணைப் பார்த்தபோதுதான் எனக்கு உறுத்தியது. கால் மணித்தியாலத்துக்கு முன் ஓடியதைப்போல இரண்டு மடங்கு. ஒரு மனிதனுடைய தசை திடீரென்று இரண்டு மடங்கு குடிக்காது. தனியாக இரத்தம் எடுத்து மேசைக் கருவியில் அளந்தால் 140 க்கு மேல்.

நடந்தது இதுதான். ஊசிக்குழாயின் நுனி நாளத்துச் சுவரில் ஒட்டிப் பாதி அடைத்திருக்கிறது. இரத்தம் உறையாமல் இருக்க உள்ளே ஓடும் ஹெப்பரின் கரைசல் வழக்கம்போல வர, இரத்தம் மட்டும் குறைந்து வந்தது. ஐதான கலவையைச் சென்சர் 'சீனி இறங்குகிறது' என்று வாசித்தது. இயந்திரம் தனக்குக் கிடைத்த செய்திக்குச் சரியாகத்தான் நடந்தது. செய்திதான் பிழை. அந்தச் சோதனையை முழுவதாகத் தள்ளிவைத்தோம். ஆய்வுகூடத்தின் பெயர் வேண்டாம், எல்லா இடத்திலும் நடக்கக்கூடியது. அதன்பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை தனியாக அளக்காமல் நான் எந்தக் கோட்டையும் நம்பியதில்லை.

மகன் ஆய்வில் சேரப் போகிறான். ஆபத்தா?

முறையாகச் செய்யும் இடத்தில் ஆபத்து குறைவு, ஆனால் இல்லை என்று சொல்லமாட்டேன். சீனி இறங்கலாம், அதற்காகத்தான் இத்தனை அளவும். இன்சுலின் பொற்றாசியத்தையும் கலங்களுக்குள் தள்ளும், இரத்தத்தில் அது குறைந்தால் இதயத்துடிப்புக்கு நல்லதல்ல. ஆகவே பல இடங்களில் பொற்றாசியத்தையும் சேர்த்து ஏற்றுவார்கள். 20 வீதக் கரைசல் தடிப்பானது, நாளம் சிவந்து நோகலாம். அரை நாள் கட்டிலில் படுத்திருக்கும் அலுப்பு நிச்சயம் உண்டு.

மகனிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். அறையில் வைத்தியர் இருப்பாரா? பொற்றாசியம் பார்ப்பார்களா? முடிந்தபிறகு எவ்வளவு நேரம் வைத்திருந்து அனுப்புவார்கள்? மொத்தம் எவ்வளவு இரத்தம் எடுப்பார்கள்? நடுவில் வேண்டாம் என்றால் எழுந்து வரலாமா? கடைசிக் கேள்விக்கு "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் போகவேண்டாம்.

இது நமக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. தெற்காசியர்களின் எம், அதே பருமனுள்ள ஐரோப்பியர்களைவிடக் குறைவாகவே பல கிளாம்ப் ஆய்வுகளில் வந்திருக்கிறது. மெலிந்த ஆள், கை கால் ஒல்லி, வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால். நம் வீடுகளில் யாரும் அவரை நோயாளி என்று சொல்லமாட்டார்கள். தசை குறைவு, வயிற்றுக்குள் கொழுப்பு அதிகம். ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டெண் 23 இலிருந்தே கவனம் வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னால் இந்த மாதிரி அறிவெல்லாம் இருக்கிறது.

இலங்கையில் 2005–06 இல் நடந்த பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பில் வயதுவந்தவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு. அதில் ஒன்பது மாகாணங்களில் ஏழுதான் இருந்தன. போர்க்காலம் என்பதால் வடக்கும் கிழக்கும் இல்லை. நாடு முழுவதற்கும் என்று மேற்கோள் காட்டப்படும் அந்த எண்ணில் யாழ்ப்பாணத்து ஒருவரும் இல்லை என்பதை நினைத்துக்கொண்டு வாசிக்கவேண்டும்.

இன்னொரு சம்பந்தம் உங்கள் குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கலாம். இன்சுலின் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளில் 'எவ்வளவு நேரத்தில் தொடங்கும், எப்போது உச்சம், எப்போது ஓயும்' என்று எழுதியிருக்கும். அதைத் தோலுக்கடியில் போட்டுவிட்டு, குளுக்கோஸைக் கட்டிப்போட்டு, பம்ப் எப்போது கூடியது எப்போது குறைந்தது என்று பார்த்து எழுதியதுதான் அது. விலைகுறைந்த நிகர் இன்சுலின்கள் அசலைப்போலவே வேலைசெய்கின்றனவா என்று காட்டவும் இதே சோதனையைத்தான் ஐரோப்பிய மருந்து அதிகாரிகள் கேட்கிறார்கள்.

பனங்கட்டி நல்லதா என்று இதால் சொல்லலாமா?

எங்கே போனாலும் இந்தக் கேள்வி வரும். கிளாம்பில் குளுக்கோஸ் வாயால் போவதில்லை, நாளத்தால் போகிறது. சாப்பாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. ஆனால் பனங்கட்டியும் பெரும்பாலும் சுக்குரோசுதான். நாக்குக்கு நல்லது.

யாழ்ப்பாணத்தில் செய்யலாமா?

தானியங்கிக் கருவி இல்லாமலே தொடங்கலாம் என்பது என் கருத்து. இரண்டு நல்ல ஊசிப் பம்புகள், மேசைக் குளுக்கோஸ் அளவி, கையைச் சூடாக்கும் பெட்டி, இன்சுலினை அளக்கும் ஆய்வுகூடம், அறநெறிக் குழுவின் அனுமதி, பொறுப்பான வைத்தியர். பெட்டியை இங்கேயே ஒரு நல்ல மின்வேலைக்காரர் செய்துதருவார். மின்சாரம் போனால் பம்புகளுக்குப் பற்றறி இருக்கவேண்டும். 1990 க்குப் பிறகு வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊரில் இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

நூற்றுக்கணக்கான பேரைப் பார்க்கவேண்டும் என்றால் கிளாம்ப் வேண்டாம். இன்சுலின் எதிர்ப்பை மதிப்பிட 1985 இல் ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த ஹோமா கணக்குப் போதும். வெறும் வயிற்றுக் குளுக்கோஸை (மில்லிமோலில்) இன்சுலினால் (மில்லிலீற்றருக்கு மைக்ரோ அலகில்) பெருக்கி 22.5 ஆல் பிரியுங்கள். குளுக்கோஸ் 5, இன்சுலின் 9 என்றால் விடை 2. ஒரே ஓர் இரத்த மாதிரி. கிளாம்பின் துல்லியம் இல்லை, ஆனால் ஊருக்குள் கொண்டுபோகலாம்.

இணையத்தில் பார்த்து இன்சுலின் பம்பையும் கணினியையும் இணைத்து வீட்டில் கிளாம்ப் செய்து பார்க்கலாமா என்று ஒரு பொறியியல் மாணவர் கேட்டார். கூடாது. ஒருதரம் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் தமிழில் சொல்லமுடியுமா என்கிறார்களே?

19 ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கிவைத்தார். அப்போது முடிந்தது இப்போது முடியாதா? நான் 'கிளாம்ப்' என்றே எழுதுகிறேன், அது சோம்பல்தான். ஒரு நல்ல சொல் கிடைத்தால் எழுதி அனுப்புங்கள்.

இயந்திரமே எல்லாம் செய்தால் ஆள் எதற்குப் பக்கத்தில்?

24 மணித்தியாலக் கிளாம்பில் இரவு இரண்டு, மூன்று மணிக்கு, ஆய்வுக்கு வந்தவர் நித்திரையில் புரண்டு படுப்பார். குழாய் போட்ட கை விலாவுக்கடியில் போய்விடும். இரத்தம் வருவது குறையும், எண் இறங்கத் தொடங்கும், பம்ப் கூடும். அலாரம் அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும். அதற்குள் எழுந்துபோய், ஆளை எழுப்பாமல், அந்தக் கையை மெதுவாக எடுத்து வெளியே வைத்துவிட்டு வருவோம்.